ஏற்றுக்கொள்ளப்படாத வடிவம்

மகன் றிஷாத் மௌத்தான செய்தி மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. ஜெறோம் தொலைபேசியில் அழைத்தான், சொன்னான், அழுதான். அந்தச் செய்தியை இந்த வடிவத்தில் ஏற்றுக்கொள்ள முடியாது என்று நளீரிடம் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம்தான் வேறு மாதிரி.

ஜெறோம் குருநகர்ப் பெடியன். வளைகுடாவில் ஒரே கட்டட நிறுவனத்தில் வேலை, ஒரே அறையில் இருப்பு, றிஷாத் கீழ்க்கட்டில், அவன் மேற்கட்டில். றிஷாத் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவனும் நளீரை வாப்பா என்றே கூப்பிடப் பழகியிருந்தான்.

"விடிய எழுப்பினன் வாப்பா, எழும்பேல்லை. முதல்நாள் முழுக்க வெயிலுக்கை நிண்டவன். நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு எண்டு சொன்னவன். நான்தான், தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படடா எண்டனான்."

நளீருக்கு யாழ்ப்பாணச் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னத் தையற்கடை. அன்று மெசினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் கை பாதி தைத்தபடி கிடந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு அந்தக் கையை முழுவதும் தைத்து முடித்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போனார்.

பிள்ளையை அங்கேயே அடக்குவதா, ஊருக்குக் கொண்டுவருவதா என்ற கேள்வி வந்தபோது, அங்கேயே அடக்கிவிடுவதுதான் நல்லது, மையித்தைச் சுணக்கக்கூடாது என்று சொந்தக்காரர் எல்லாரும் சொன்னார்கள். றிஷாத்தின் உம்மா ஸபூரா ஒப்பவில்லை.

"என்ரை வாப்பா புத்தளத்திலை கிடக்கிறார். உம்மாவும் அங்கைதான். கூடப்பிறந்த நானா எங்கை கிடக்கிறார் எண்டே தெரியாது. தொண்ணூறிலை எங்கடை சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தினாப் பிறகு எங்கடை ஆக்கள் ஒருத்தர் எண்டாலும் எங்கடை மையவாடியிலை அடங்கேல்லை. திரும்பி வந்து இவ்வளவு காலமாச்சு. என்ரை பிள்ளை எண்டாலும் எங்கடை மண்ணிலை கிடக்கட்டும்."

சொந்தக்காரர் விட்டுக்கொடுத்தார்கள். நிறுவனக்காரரும் நல்லவர்கள்தான். உடலை அனுப்பத் தாங்கள் தயார், பெற்றோரின் சம்மதத்தை உங்கள் ஊரிலுள்ள அரச மையத்தினூடாக உறுதிப்படுத்தி அனுப்பினால் போதும் என்றார்கள். அந்தப் 'போதும்' என்ற சொல்லை நம்பித்தான் நளீர் சைக்கிளை எடுத்தார்.

'கடல்கடந்த தொழிலாளர் குடும்பங்களுக்கான ஒருங்கிணைந்த எண்ணிமச் சேவை மையம்' என்ற பெயர்ப்பலகை கட்டடத்தின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போய், இடம் போதாமல் பக்கச் சுவரிலும் கொஞ்சம் திரும்பியிருந்தது. உள்ளே நல்ல குளிர். சுவர் முழுக்கக் கடதாசிகள் ஒட்டியிருந்தார்கள். 'கடதாசியைத் தவிர்ப்போம்' என்றது ஒன்று. 'இது கடதாசியற்ற வளாகம்' என்றது இன்னொன்று. 'இங்கே கடதாசி ஒட்டாதீர்கள்' என்ற கடதாசியின் மேலும் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது.

கருமபீடத்தில் இருந்த பெண் கஜந்தினி. மெலிந்த பிள்ளை, கண்ணில் நித்திரைக் களை. நளீர் தங்கள் சம்மதத்தை எழுதி, சமாதான நீதவானிடம் முடித்த சத்தியக்கடதாசியை நீட்டினார். அவள் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, கடதாசி வாங்கிறேல்லை."

"இதிலை நீதவான் கையெழுத்து வைச்சிருக்கிறார் மிஸ்."

"வைச்சிருக்கிறார்தான். ஆனா கடதாசியிலையெல்லே வைச்சிருக்கிறார்."

"தொட்டுப் பார்க்கவும் ஏலாதே?"

"தொட்டா, ஏன் தொட்டனான் எண்டு நான் எழுதிக் குடுக்கவேணும். அதுக்கு உள்ளுக்கை ஒரு கொப்பி வைச்சிருக்கினம்." குரலைத் தாழ்த்தினாள். "மகனே ஐயா?"

"ஓம்."

"இணையத்திலை ஏத்துங்கோ. பிடிஎஃப் ஆக்கி ஏத்துங்கோ. நான் கெதியாப் பாக்கிறன்."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிருஷனின் கொமினிகேசன் கடை. போட்டோப் பிரதி, தட்டச்சு, வேலைவாய்ப்பு விண்ணப்பம், எல்லாம் அங்கே நடக்கும். அவன் சத்தியக்கடதாசியைத் தொலைபேசியால் படம் எடுத்து, ஓர் இணையத்தளத்தைத் திறந்து, படத்தை அதற்குள் இழுத்துப் போட்டான். எந்த நாட்டில் இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாத தளம். ஆனால் எதைக் கொடுத்தாலும் வேறொன்றாக மாற்றித் தரும். திரையில் ஒரு கோடு ஊர்ந்தது. பக்கத்து விளம்பரத்தில் ஒரு பெண் தலைமயிரை விசிறி விசிறிச் சம்பூ விற்றாள். கடைசியில் ஒரு வாசகம் வந்தது. நிருஷன் பழக்கத்தில் அதை வாய்விட்டுத் தமிழில் சொன்னான்: "இன்னும் கொஞ்ச நேரத்திலை நிரந்தரமா அழிச்சுப்போடுவம்."

நளீர் எழுந்துவிட்டார். "ஆரை அழிக்கப்போறாங்கள்?"

"கோப்பை நானா. அவங்கடை கணினியிலை இருக்கிறதை. பாதுகாப்புக்கு."

ஏற்றிய கோப்புக்கு மறுமொழி வரவில்லை. நேரே போய்க் கேட்டபோது கஜந்தினி அவரைப் பணிப்பாளரிடம் அனுப்பினாள்.

பணிப்பாளர் இராசநாயகம் கழுத்துப்பட்டி கட்டிய மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு நளீரை இருத்தினார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தான் சண்டிலிப்பாயில் சாதாரண தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவன் என்றும், தகப்பன் புகையிலை உலர்த்துவதைப் பார்த்துத்தான் பொறுமை என்றால் என்னவென்று படித்ததாகவும் சொன்னார். நளீருக்கு இவரால் காரியம் ஆகும் போலிருந்தது.

"உங்கடை கோப்பு நல்ல கோப்பு," என்றார் பணிப்பாளர். "ஆனா பிடிஎஃப் எண்டுறது பூட்டின பெட்டி. உள்ளுக்கை பிழை கிடந்தா நாங்கள் எப்பிடித் திருத்திறது? வேர்டிலை தாங்கோ."

"அதிலை பிழை ஒண்டும் இல்லை சேர்."

"இல்லாட்டியும் திருத்தக்கூடியதாய் இருக்கவேணும். அது கொள்கை. வேர்டிலை தந்தா நாங்கள் பார்ப்பம். பிழை இல்லை எண்டு கண்டால், பிறகு ஒருத்தரும் கை வைக்காதபடி நீங்கள் அதைத் திரும்ப பிடிஎஃப் ஆக்கித் தருவியள்."

நளீர் யோசித்தார். துணியைப் பிரித்துத் திரும்ப அதே அளவில் தைக்கச் சொல்வது மாதிரி இருந்தது. "அப்ப கடைசியாத் தாறதும் இந்தக் கோப்புத்தானே சேர்?"

பணிப்பாளர் இரங்கியவராய்ச் சிரித்தார். "இல்லை. இது போகாத கோப்பு. அது போய்வந்த கோப்பு."

இணையத்தளம் படத்தை எழுத்தாக மாற்றித் தந்தது. எழுத்துகள் சில இடங்களில் உதிர்ந்து கிடந்தன. ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம். றிஷாத்தின் பெயர் இருந்த இடத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக நின்றன. நிருஷன் பெயரைத் திரும்ப அடித்தான், கொம்புகளைப் பொறுக்கி உரிய எழுத்துகளோடு சேர்த்தான். கடை வாசலில் சனம் நின்றது. மேலோட்டமாக ஒருதரம் பார்த்துவிட்டு ஏற்றினான்.

இந்த முறை மறுமொழி சுறுக்காக வந்தது. நிருஷன் அதை வாசிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டான்.

"வாசி தம்பி."

"பிழை விட்டிட்டம் நானா. உடலை எண்டு இருந்ததை அந்தச் சனியன் கடலை எண்டு மாத்தியிருக்கு. நான் கவனிக்கேல்லை."

"பரவாயில்லை, என்ன எழுதியிருக்கினம் எண்டு வாசி."

அவன் திரையைப் பார்த்தபடி வாசித்தான். 'தங்கள் மகன் றிஷாத்தின் கடலை இலங்கைக்குக் கொண்டுவருவது தொடர்பான விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது. கடலை ஒரு பருப்பு வகையாதலால், அது உலர்ந்த நிலையில் உள்ளதென்றும், பூச்சி பிடிக்கவில்லை என்றும் உறுதிப்படுத்தும் சான்றிதழ்களை இணைக்கவும். பழுதடைந்த சரக்கு துறைமுகத்திலேயே அழிக்கப்படும் என்பதைத் தயவுடன் கவனத்திற் கொள்க.'

கடைக்கு வெளியே கோண்டாவில் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டு நின்றான் ஒருவன். அங்கே வளைகுடாவில் றிஷாத் கிடப்பது எப்படியான இடம் என்று அதுவரை நளீர் நினைத்துப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டிருந்தார். பழுதடைந்த சரக்கு என்ற சொல் அந்தப் பாட்டை வீணாக்கிவிட்டது.

பணிப்பாளர் விஷயத்தைக் கேட்டுத் தலையாட்டினார். கவலைப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

"ஆனா ஐயா, கோப்பிலை கடலை எண்டு இருந்தா நாங்கள் கடலை எண்டுதான் எடுப்பம். இவர் தகப்பன், இவர் உடலைத்தான் சொல்லுறார் எண்டு நாங்கள் ஊகிச்சம் எண்டு வையுங்கோ. இண்டைக்கு உங்களுக்காக ஊகிப்பம். நாளைக்கு இன்னொருத்தருக்காக ஊகிப்பம். ஊழல் அப்பிடித்தான் தொடங்கிறது."

"சேர், திருத்தக்கூடியதாய் இருக்கவேணும் எண்டுதானே வேர்டிலை கேட்டனீங்கள். அந்த ஒரு எழுத்தைத் திருத்துங்கோவன்."

"திருத்தக்கூடியதாய் இருக்கவேணும் எண்டது சரி. நாங்கள் திருத்தலாம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

வெளியே வரும்போது கஜந்தினி மெல்ல எழுந்து கருமபீடத்தின் ஓரத்துக்கு வந்தாள். "ஐயா, எனக்கு விளங்குது. கோவியாதேங்கோ. எனக்கு விளங்கிறதைப் பதியிறதுக்கு இதிலை ஒரு இடமும் இல்லை."

நிருஷன் கடையைப் பாதி சாத்திவிட்டு, கடிதத்தை முதலிலிருந்து தானே அடித்து, கையெழுத்துகளையும் முத்திரையையும் படமாக ஒட்டினான். ஒவ்வொரு சொல்லாக நளீருக்கு வாசித்துக் காட்டினான். உடல் உடலாகவே இருந்தது. வேர்டில் ஏற்றினார்கள், பிழையில்லை என்று வந்தது. இனி அதைப் பூட்டவேண்டும். இணையத்தளம் பூட்டித் தந்தது, ஆனால் இலவசமாக மாற்றுகிறவர்களுக்கு இனி இப்படித்தான் என்று சொல்லி, பக்கத்துக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் 'மாதிரி' என்று பெரிதாக அச்சடித்துவிட்டது. அது றிஷாத்தின் பெயருக்கு மேலால் போனது. வேறொரு தளத்துக்குப் போனான். அது 'மாதிரி' போடவில்லை, நீதவானின் முத்திரையை விழுங்கிவிட்டது. இன்னொன்று பக்கத்தைத் தலைகீழாகத் தந்தது. இருந்தவற்றுள் 'மாதிரி' போட்டதுதான் முழுசாக இருந்தது. அதையே ஏற்றினான்.

"மாதிரி எண்டு எழுதின சம்மதத்தை வைச்சு உண்மையான ஆளை வரவழைக்கேலாது," என்றார் பணிப்பாளர். அதோடு, நிருஷன் புதிதாக அடித்த கடிதத்தில் கையெழுத்துகள் படமாக ஒட்டப்பட்டிருப்பதையும் கண்டுபிடித்திருந்தார். "கையெழுத்து எண்டா கையாலை வைக்கிறது. இது படம்."

"கையாலை வைச்ச கடதாசி என்னட்டைக் கிடக்கு சேர்." நளீர் பொலித்தீன் பைக்குள் இருந்து அதை எடுத்தார்.

பணிப்பாளர் கதிரையோடு சேர்த்துக் கொஞ்சம் பின்னால் போனார். "அதை உள்ளுக்கை வையுங்கோ ஐயா. கமெரா இருக்கு."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலை கஜந்தினி தொலைபேசி எடுத்தாள். நாளைக்கு வெள்ளை உடுப்போடு வரச்சொல்லிச் சொல்லுகினம் ஐயா, விழாவாம் என்றாள். காரியம் முடிந்துவிட்டது என்று நளீர் நினைத்தார். ஸபூராவும் அப்படித்தான் நினைத்தாள். இரவோடிரவாகப் பெட்டிக்குள் இருந்த வெள்ளைச் சேட்டை எடுத்து அழுத்தி வைத்தாள். மையவாடியில் குழி வெட்டுகிறவரிடமும் ஒரு சொல்லுச் சொல்லி வைக்கும்படி நினைவுபடுத்தினாள்.

அது கடதாசியற்ற வாரத்தின் தொடக்க விழா. வாழைமரம் கட்டி, நிறைகுடம் வைத்து, கொழும்பிலிருந்து வந்த பெரியவர்களுக்கு மாலை போட்டார்கள். அச்சடித்த நிகழ்ச்சி நிரல் எல்லார் கையிலும் இருந்தது. வெயிலுக்கு அதைத்தான் விசிறினார்கள். பணிப்பாளர் பேசினார்.

"முன்னைய காலத்திலை ஒருத்தர் வந்து ஒரு கடதாசியைத் தருவார். நாங்கள் ஒரு கையெழுத்தை வைப்பம். அவர் போயிடுவார். திரும்ப வரவேமாட்டார். மக்களுக்கும் எங்களுக்கும் இடையிலை ஒரு உறவே இருக்கேல்லை. இண்டைக்கு அப்பிடியில்லை. இண்டைக்கு ஒருத்தர் ஒரு அலுவலுக்குப் பத்துத்தரம், இருபதுதரம் எங்களோடை தொடர்பிலை இருக்கிறார். இதுதான் மக்கள்மயமான சேவை. இதோ, முன்வரிசையிலை இருக்கிற நளீர் ஐயா. மகனைப் பறிகுடுத்த சோகத்திலையும் தளராமல், ஒரே ஆவணத்தை எத்தினை வடிவங்களிலை அனுப்பியிருக்கிறார் தெரியுமோ? எங்கடை மையத்தின்ரை இந்த வருசப் பயன்பாட்டு எண்ணிக்கை கூடினதிலை இவருக்குப் பெரிய பங்கு இருக்கு. இப்பிடியான குடும்பங்கள் இன்னும் பல முன்வரவேணும்."

கைதட்டினார்கள். நளீரை மேடைக்குக் கூப்பிட்டு, சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்து, படம் எடுத்தார்கள். அறிவிப்பாளர் ஒலிவாங்கியை அவருக்கு முன் நீட்டினார். நளீருக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்.

"என்ரை பிள்ளையை எப்ப விடுவியள்?" என்று கேட்டார்.

பயனாளி பேசி முடித்ததும் தட்டவேண்டும் என்று சனத்துக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். திரும்பவும் கைதட்டினார்கள்.

வீட்டு வாசலில் ஸபூரா நின்றாள். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"அனுமதியே?"

"இல்லை."

"அப்ப?"

"எனக்கு ஒரு சான்றிதழ் தந்தவங்கள்."

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். ஒரு கொம்பும் விலகியிருக்கவில்லை, ஒரு பெட்டியும் இல்லை. "உது கடதாசியிலைதானே அடிச்சிருக்கிறாங்கள்," என்று மட்டும் சொன்னாள்.

அன்று பின்னேரம் ஜெறோம் எடுத்தான். அவன் குரல் கம்மியிருந்தது. பிணவறையில் இடமில்லையாம், இருப்பவர்களை நெருக்கி வைக்கிறார்களாம், தன்னைக் கூப்பிட்டு ஒரு முடிவு கேட்கிறார்களாம். "வாப்பா, நான் போய்ப் பார்த்தனான். கேக்காதேங்கோ. ஆனா கெதியா ஏதாவது செய்யுங்கோ."

ஸபூரா தொழுதுவிட்டு முசல்லாப் பாயிலேயே இருந்தாள். நெடுநேரம் எழும்பவில்லை. நளீர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"அங்கையே அடக்கச் சொல்லுங்கோ," என்றாள்.

"ஸபூரா…"

"எங்கடை மண், எங்கடை மண் எண்டு நான் பிடிவாதம் பிடிச்சன். பிடிச்சுப் பிடிச்சு என்ரை பிள்ளையைக் குளிருக்கை வைச்சிட்டன். சின்னனிலை மழைக் குளிருக்கே என்ரை சீலைக்குள்ளை வந்து பூருறவன். எந்த மண் எண்டாலும் மண்தானே. மூடச் சொல்லுங்கோ."

நளீர் அவளைத் தொடவும் பயந்தார். எதையாவது சொன்னால் அவள் முடிவை மாற்றிவிடுவாள் என்றும் பயம், மாற்றாமல் விடுவாள் என்றும் பயம்.

அடுத்த நாள் மையம் திறக்கமுன்னமே வாசலில் நின்றார். கஜந்தினி கணினியில் தேடினாள், திரும்பத் தேடினாள், பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு பணிப்பாளரிடம் போனாள். அங்கே அடக்குவதற்குப் பெற்றோர் சம்மதிக்கிறார்கள், இவ்வளவுதான் விஷயம்.

"புது விண்ணப்பம் போடவேணும்," என்றார் பணிப்பாளர். "அதுக்குப் பழைய விண்ணப்பத்தை மூடவேணும்."

"மூடுங்கோ சேர்."

"மூடிறதெண்டா முதல் திறக்கவேணும். உங்கடை கடைசிக் கோப்பு திறபடுகுதில்லை. கனதரம் வடிவம் மாறினதாலை அது என்ன வடிவத்திலை கிடக்கு எண்டு கணினித் தொகுதிக்கே விளங்கேல்லை. திறபடாத கோப்பை மூடேலாது. மூடாத கோப்பு இருக்கேக்கை புதுசு திறக்கேலாது."

"அப்ப என்ரை மகன்?"

"அவர் நிலுவையிலை இருக்கிறார்."

கஜந்தினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நளீருக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் அவர் சத்தம் போட்ட மனிதரில்லை. தொண்ணூறில் வீட்டைப் பூட்டிய திறப்பை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போகச் சொன்னவர்களுக்கு முன்னாலும் அவர் பேசாமல்தான் நின்றவர். இப்போதும் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. பணிப்பாளர் அதைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டு எழுந்து கைகுலுக்கினார்.

வழியில் சைக்கிளை ஒரு மதிலோரம் நிறுத்திவிட்டு ஜெறோமுக்கு எடுத்தார். மையத்தில் நடந்ததைச் சொல்ல முயன்றார். ஜெறோமுக்கு விளங்கவில்லை, சொன்னவருக்கும் விளங்கியிருக்கவில்லை.

"விடுங்கோ வாப்பா. நான் கதைக்கிறன். பின்னேரம் உம்மாவையும் பக்கத்திலை வைச்சுக்கொண்டு வீடியோவிலை வாங்கோ."

பின்னேரம் திரையில் ஒரு நரைத்த தாடிக்காரர் தெரிந்தார். பிணவறைப் பொறுப்பாளராம். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு மௌலவி, காயல்பட்டினத்துக்காரர். நரைத்த தாடிக்காரர் ஏதோ கேட்டார்.

"நீங்கதான் வாப்பாவும் உம்மாவுமா என்று கேட்கிறார்," என்றார் மௌலவி.

"ஓம்."

"இங்கே அடக்கச் சம்மதமா?"

நளீர் ஸபூராவைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்து, "சம்மதம்," என்றாள்.

நரைத்த தாடிக்காரர் ஸபூராவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நெஞ்சில் கைவைத்துத் தலையைத் தாழ்த்தினார். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

அடக்கத்தை ஜெறோம் தொலைபேசியில் காட்டினான். மஞ்சள் மணல், காற்று, வேலை உடுப்போடு வந்து தொழுத ஆட்கள். படம் ஆடிக்கொண்டேயிருந்தது. பிறகு அவன் தொலைபேசியை யாரிடமோ கொடுத்துவிட்டுக் குனிவது தெரிந்தது.

"நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன் எண்டு சொன்னனான் வாப்பா," என்றான் பிறகு. "பரவாயில்லை, நீயும் போடு எண்டார் மௌலவி. மூண்டு பிடி மண் போட்டன். ஒண்டு உங்களுக்கு, ஒண்டு உம்மாவுக்கு. மற்றது என்ரை."

ஸபூரா அந்தப் பிள்ளைக்காக இரண்டு கையையும் ஏந்தித் துஆக் கேட்டாள். அன்று முதல்முறையாகச் சத்தம் வைத்து அழுதாள்.

பள்ளியில் தொழுதார்கள். வீட்டில் ஓதினார்கள். நளீர் கடையைத் திறந்தார். சட்டைகளுக்குக் கை தைத்தார், கொலர் தைத்தார். துக்கம் தன் போக்கில் ஒரு வழிக்கு வரத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் கஜந்தினி தொலைபேசி எடுத்தாள். பணிப்பாளர் அவரை உடனே வரட்டாம்.

பணிப்பாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். முகம் நிறையச் சந்தோஷம். "புது மென்பொருள் வந்திருக்கு ஐயா. எல்லாக் கோப்பையும் தானாவே மாத்துது. உங்கடை கோப்பும் திறந்திட்டுது. திறந்து, சரிபார்த்து, அனுமதியும் குடுத்திட்டுது." கணினித் திரையை நளீர் பக்கம் திருப்பினார். பச்சை நிறத்தில் ஒரு நீளக்கோடு. அதன் ஒரு முனையில் சின்ன விமானம், மறுமுனையில் சின்ன வீடு. விமானம் பாதி தாண்டியிருந்தது.

"சேர், மகனை அடக்கியாச்சு."

"எங்கை?"

"அங்கைதான். நான் கண்ணாலை கண்டனான்."

"எதிலை கண்டனீங்கள்?"

"போனிலை. வீடியோவிலை."

பணிப்பாளரின் முகம் ஆதரவாக வாடியது. "வீடியோ நாங்கள் ஏற்கிற வடிவம் இல்லை ஐயா."

"சேர், அவன் மண்ணுக்கை கிடக்கிறான்."

"நான் உங்களோடை வாதாட வரேல்லை. நீங்கள் தகப்பன். ஆனா எங்கடை தொகுதியின்படி அவர் வந்துகொண்டிருக்கிறார். தொகுதியிலை இருக்கிறதை இல்லை எண்டு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கித் தருவினம். ஆராவது வீட்டிலை நிண்டு பொறுப்பெடுக்கவேணும்."

நளீர் எழுந்தார். கதவுவரை போனார். கேட்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"எப்ப?"

"வாற வியாழன்," என்றார் பணிப்பாளர்.

வீட்டில் ஸபூரா, என்னவாம் என்று கேட்டாள். நளீர் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு, கால் கழுவி, முகம் துடைத்து, இனிச் செய்ய வேறொன்றும் இல்லாதபோது சொன்னார்.

"றிஷாத் வந்துகொண்டிருக்கிறானாம்."

"விசரன்கள்," என்றாள் ஸபூரா. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள்.

வியாழக்கிழமை நளீர் கடைக்குப் போகவில்லை. மெசின் பட்டி அறுந்துபோச்சு என்றார். எந்தப் பட்டி, ஏன் புதிது வாங்கவில்லை என்று ஸபூரா கேட்கவில்லை. அவள் விடியவே முன்னறையைக் கூட்டி, நிலத்தைத் துடைத்து, நடுவில் கிடந்த மேசையைச் சுவரோடு ஒதுக்கி வைத்திருந்தாள். ஏன் மேசையை ஒதுக்கினாய் என்று நளீரும் கேட்கவில்லை. அவர் முகச்சவரம் செய்துகொண்டு வந்து கதிரையில் இருந்தார். அவள் கதவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து வெங்காயம் உரித்தாள். உரிக்கத் தேவையானதைவிட அதிகமாக உரித்தாள்.

மத்தியானம் போல ஒரு வாகனம் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. மெல்ல வந்து, வாசலுக்கு வெளியே நின்றது. பின்கதவு திறபட்டது.

இருவரும் எழுந்து நின்றார்கள். ஸபூராவின் மடியிலிருந்து வெங்காயங்கள் உருண்டு போயின. நளீர் தலையில் தொப்பியைச் சரிசெய்தார்.

எதிர்வீட்டுக்கு எரிவாயுச் சிலிண்டர் இறக்க வந்த வாகனம் அது. பழையதை ஏற்றிக்கொண்டு, பின்னுக்கு எடுத்து, பெரிய வீதிக்குப் போய்விட்டது. அது போய் நெடுநேரமாகியும் இருவரும் திரும்ப உட்காரவில்லை.